நடுவில் நின்றவருக்கு நான் எழுதிய மலர்

அமெரிக்காவில் ஒருவர் மாநிலச் சட்டசபைக்குள் நுழைந்துவிட்டால் அதற்கடுத்த வாசல் வெள்ளை மாளிகைதான் என்று எங்கள் குடும்பம் அந்நாளில் உறுதியாக நம்பியிருந்தது. வெளிநாட்டில் பிறந்தவர் அங்கே ஜனாதிபதியாக முடியாது என்று நான் ஒருத்திதான் சொல்லிப் பார்த்தேன். (நூலகத்தில் வேலை செய்கிறவளின் பேச்சு எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது?) மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் இருந்த குலம் மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அந்தச் சட்டத்தை மாத்திறதுக்குத்தானே பிள்ளை அவன் சட்டசபைக்குப் போயிருக்கிறான்?"

போனவர் என் பெரியம்மாவின் மகன் தர்மா அண்ணை. நாங்கள் இருந்த மொன்றியலில் இருந்து தெற்கே கனடா எல்லையைக் கடந்து இரண்டு மணி நேரம் ஓடினால் வருகிற சிறிய ஊரொன்றில் பொறியியலாளராக இருந்தவர். முதலில் பள்ளிக்கூடச் சபை, பிறகு ஊர்ச் சபை, அதன்பின் மூன்று தவணை மாநிலச் சட்டசபை. நடுவில் நிற்பவர் என்பதே அங்கே அவருக்கிருந்த பெயர். வீதி விடயத்தில் ஒரு கட்சியோடும் வரி விடயத்தில் மறு கட்சியோடும் வாக்களிப்பார். இரண்டு கட்சிக்காரரும் அவரைக் கண்டால் கை காட்டுவார்கள். இரண்டு பேருமே வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள். ஓராண்டு முழுவதும் பாடுபட்டு அவர் நிறைவேற்றிய சட்டம், வீதிகளுக்கு அடியில் மழைநீர் ஓடும் மதகுகளை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது பற்றியது. மூன்று என்றது ஒரு பக்கம். ஐந்து என்றது மறு பக்கம். அண்ணை நான்கில் முடித்துவைத்தார்.

மொன்றியலிலேயே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தனியாக இருந்த பெரியம்மாவுக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. மகன் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "கூட்டத்துக்குப் போறவன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அதனால்தான், குலம் மாமா பாராட்டு விழா என்று தொடங்கியபோது அண்ணை மறுக்காமல் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"எனக்குப் பாராட்டு முக்கியமில்லை. அம்மா ஒருநாளாவது முன்வரிசையில இருந்து, நான் என்ன செய்யிறன் எண்டு அறியவேணும். அவவின்ரை இருதயமும் இப்ப சரியில்லை. விழா மலரை நீதான் வடிவா எழுதவேணும்."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்களில் எவராவது காலமானால் முதல் தொலைபேசி, சடலத்தைப் பொறுப்பெடுக்கும் மலர்ச்சாலைக்கும் இரண்டாவது எனக்கும் வரும். முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்கும் நினைவு மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதுகிறவள் நான். அதுவரை நான் எழுதிய எவரும் என் நடையைக் குறை சொன்னதில்லை. அதை ஒரு தகுதிச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு அப்போது தலைக்கனம் இருந்தது.

எழுத உட்கார்ந்த அன்றே உறவினர்கள் தொடங்கிவிட்டார்கள். "எங்கடை பேரும் வரும்தானே?" என்றார் ஒரு மாமி. "மூத்த மச்சான் நான், என்னை விட்டுடாதை" என்றார் ஒருவர். நாற்பது உறவினரை ஒருவரும் கோபிக்காதபடி ஒரே வாக்கியத்தில் அடக்கக்கூடிய வடிவம் தமிழில் ஒன்றுதான் உண்டு. அது மரண அறிவித்தல். நான் சிறிதும் தயங்காமல், காலமான கணித ஆசிரியர் ஒருவருக்கு எழுதிய பழைய கோப்பைத் திறந்து பெயர்களை மாற்றினேன். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு மைத்துனரும் என்று ஒரு பக்கம் ஓடி, கடைசியில் 'ஆவார்' என்று வந்து நின்றபோது, ஒருவரும் விடுபடவில்லை என்ற பூரிப்பில் தேநீர் போட்டுக் குடித்தேன்.

மற்றப் பகுதிகளும் தாமாகவே அமைந்தன. 'எல்லோருடனும் இன்முகத்துடன் பழகினார். எவரையும் நோகச் செய்யாது வாழ்ந்தார்.' நினைவு மலர்களில் எல்லோருமே நடுநிலையாளர்கள்தாம். ஆகவே அண்ணைக்கு அந்த நடை அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போலப் பொருந்தியது. மதகுச் சட்டத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கி, பெரியம்மாவுக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு வசனமாகத் தேய்த்துத் தேய்த்து எழுதினேன். பிறகு, அச்சகம் வைத்திருந்த நேசன் அண்ணைக்கு அனுப்பிவிட்டு அதை மறந்துபோனேன். என் மலர்களையெல்லாம் அடித்தவர் அவர். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

விழா ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சந்தனமும் கற்கண்டும் ஒரு பக்கம் இருந்தன. வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு பெண்கள் மறு பக்கம் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"என்ன வருத்தம் வந்ததாம் பிள்ளை? திடீரெண்டோ?"

அவர் கையில் இருந்த மலரை அப்போதுதான் பார்த்தேன். கறுப்புக் கரை. எரிகிற குத்துவிளக்கு. நடுவில் கோட்டும் கழுத்தில் ரையுமாக அண்ணை. கீழே 'தோற்றம்' என்று அவர் பிறந்த நாள். அதற்கு நேரே 'மறைவு' என்று போட்டு ஒரு புள்ளிக்கோடு.

நேசன் அண்ணை பெட்டியில் இருந்து மேலும் மலர்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலையண்ணை இது?"

"நீங்கள் அனுப்பினதைத்தானே அடிச்சனான். மறைவுத் திகதியைத்தான் விட்டுட்டியள். துக்கத்தில இருக்கிற ஆக்களிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது? பேனையால நிரப்புவியள் எண்டு புள்ளி போட்டு விட்டனான். அச்சகத்துக்கு வந்த ஆக்களுக்கும் செய்தியைச் சொன்னனான்."

"ஆள் உயிரோட இருக்கிறார்!"

அவர் முகம் கனிந்தது. "எந்த ஆஸ்பத்திரியில?"

அந்தக் கணத்தில் தர்மா அண்ணை படியிறங்கி வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். வெள்ளைச் சேலைப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே நினைப்புத்தான்: இந்த மலர் பெரியம்மாவின் கையில் போய்ச் சேரக்கூடாது. பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள் பறிக்கிறவளைப் போலப் பின்வரிசையில் இருந்து தொடங்கினேன். "அச்சுப்பிழை இருக்கு, தாங்கோ." ஒருவரும் தரவில்லை. "எங்கடை பேர் சரியாத்தானே இருக்கு" என்று மாமி மலரைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். மூத்த மச்சான் இன்னும் இரண்டு பிரதி கேட்டார்.

முன்வரிசைக்கு நான் வந்து சேர்ந்தபோது பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றாம் பக்கத்தில் இருந்தார். குலம் மாமா பக்கத்தில், தண்ணீர்ப் போத்தலும் மாத்திரைப் பையுமாக, வெளிறிப்போய் நின்றார்.

தர்மா அண்ணை மலரொன்றை வாங்கி அட்டையைப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு ஒலிவாங்கிக்குப் போனார்.

"நான் உயிரோட இருக்கிறனோ இல்லையோ எண்டதில சபையில இரண்டு கருத்து இருக்குது போல. இரண்டு பக்கத்திலையும் நியாயம் இருக்கு. நான் ஒரு திருத்தம் மட்டும் கொண்டுவாறன். அந்தப் புள்ளிக்கோட்டை இப்போதைக்கு ஒத்திவைப்பம்."

மண்டபம் குலுங்கியது. பெரியம்மா மட்டும் தலை நிமிரவில்லை. விரலை வரியின்மேல் வைத்து வாசித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. கடைசிப் பக்கத்தையும் முடித்து, கண்ணாடியைக் கழற்றி, என்னைக் கூப்பிட்டார். காலில் விழுந்துவிடும் ஆயத்தத்தோடு போனேன்.

"மழைக்கு றோட்டு அள்ளுப்படாமல் பாக்கிற சட்டமோ இது?"

"ஓம் பெரியம்மா."

"இவன்தானோ கொண்டுவந்தவன்?"

"ஓம்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் கூட்டம் கூட்டம் எண்டு மட்டும் சொன்னவன்?" பக்கத்துக் கதிரைக்காரியின் பக்கம் திரும்பி, "என்ரை மகன். றோட்டுக்கெல்லாம் சட்டம் போட்டவன்" என்றார். எந்தப் பக்கமும் சாயாதவர் என்று பெயரெடுத்த மனிதர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கைக்குட்டையைத் தேடினார்.

பெரியம்மா மறுபடி என் பக்கம் திரும்பினார். "செத்தவீட்டு எழுத்து எண்டு எனக்கு விளங்காதெண்டோ நினைச்சனி? அது பரவாயில்லை. எனக்கும் இப்பவே எழுதித் தா. நான் பிழை பாக்கவேணும்."

எழுதிக் கொடுத்தேன். மாதக்கணக்காகத் திருத்தினார். 'இன்முகத்துடன் பழகினார்' என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, "நான் எப்பவடி அப்பிடிப் பழகினனான்?" என்று கேட்டார்.

அடுத்த தேர்தலில் அண்ணை தோற்றார். இரண்டு பக்கமும் அவரை மற்றப் பக்கத்தவர் என்று முடிவு செய்திருந்தன. வெள்ளை மாளிகைக் கதை எங்கள் வீட்டில் அத்தோடு நின்றுபோனது. மலர்க் கதை நிற்கவில்லை. எந்தக் கலியாண வீட்டிலும் என்னைக் கண்டவுடன், தங்கள் திகதியை நிரப்பிவிட வேண்டாம் என்று இளையவர்கள் பிரெஞ்சில் கெஞ்சுவார்கள்.

பெரியம்மா அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தார். அவருடைய மலரை அவர் திருத்தியபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டோம். குலம் மாமாவும் இப்போது இல்லை. அமெரிக்க எல்லைக்கு அப்பால் தர்மா அண்ணை இருக்கிறார். இப்பால் நான் இருக்கிறேன்.