பனிச்சரிவுப் பயிற்சியில் ஒரு பொறாமைக்காரன்

பொறாமை வந்தால் கண் தெரியாது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கண் நன்றாகத் தெரியும்; தேவைக்கு மேலேயே தெரியும். அடைத்துப்போவது காதுதான்.

பாரிஸில், தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு புடவைக்கடையில் நான் வேலை செய்கிறேன். மனைவி வதனா ஒரு கணக்கு அலுவலகத்தில். (அவளுக்குச் சுழலும் கதிரை. எனக்கு நாள் முழுக்க நிற்கிற வேலை. அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.) சில வருடங்களுக்கு முன்பு அலுவலக ஆட்களோடு அவள் பனிச்சறுக்குப் பழகப் போனாள். திரும்பி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவளோடு வேலை செய்கிற ஜூலியன் என்கிறவனின் பெயர் ஓயாமல் கேட்கத் தொடங்கியது. ஜூலியன் நல்லாச் சறுக்குவார். ஜூலியனுக்கு மலையெல்லாம் தெரியும். அவள் பேசுகையில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். சோறு களியாகிவிடும்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் வதனா சொன்னாள்.

"இஞ்சரப்பா, இந்த முறை வழமையான பாதையை விட்டு மலைக்குள்ளை போகப்போறம். அதுக்கு முதல் பனிச்சரிவுப் பயிற்சி எடுக்கவேணும்."

"பனி சரிஞ்சு உம்மை மூடினால் ஆர் கிண்டி எடுக்கிறது?"

"ஜூலியன்," என்றாள், தேத்தண்ணியை ஆற்றியபடி.

என் பெண்சாதியைக் கிண்டி எடுக்க இன்னொருவனா?

"நானும் வாறன்," என்றேன்.

எங்கள் மகள் அபிரா போனிலிருந்து தலையைத் தூக்கி, "பப்பாவா?" என்று கேட்டுவிட்டு, பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பார்க்கில் ஈரப் புல்லில்கூட நான் வழுக்கி விழுந்தவன் என்பது அவளுக்குத் தெரியும்.

சறுக்கத் தெரியாதவர்கள் காலில் அகலமான பனித்தட்டுகளைக் கட்டிக்கொண்டு நடந்தும் பயிற்சியில் சேரலாம் என்றார்கள். வாத்து மாதிரி நடந்துகொண்டு மலையில் ஜூலியனை முதன்முதலாகச் சந்தித்தேன். உயரமானவன். வெயிலில் சிவந்த மூக்குக்கூட அவனுக்கு எடுப்பாக இருந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வதனா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறா," என்றான். என்ன சொன்னாள் என்று அவன் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பயிற்சி தந்தவள் மிரெய். சின்ன உருவம், பெரிய குரல். எல்லோருக்கும் நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு சிறிய கருவி தந்தாள். சாதாரணமாக அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். யாராவது புதைந்துபோனால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். அது காட்டுகிற அம்புக்குறியைப் பின்தொடர்ந்து போய், நீளக் கோலால் குத்திப் பார்த்து, சவளால் பனியை வாரிக் கிண்டி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. மிரெய் விளக்கிய நேரத்தில் ஜூலியன் குனிந்து வதனாவின் கருவிப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். என் கண் அங்கே இருந்தது. "காத்திருக்கிற ஆட்கள் கருவியை நிப்பாட்டுங்கோ, இல்லாவிட்டால் தேடுகிறவர்கள் குழம்புவார்கள்" என்று அவள் சொன்னதாகப் பிறகு எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

மிரெய் ஒரு கருவியைப் பைக்குள் போட்டுச் சரிவில் எங்கேயோ புதைத்திருந்தாள். அந்தப் பைதான் பனியில் அகப்பட்ட மனிதர். வதனாவும் ஜூலியனும் முதல் குழு. நான் சரிவின் அடியிலிருந்த மரக்குடிசையருகே காத்திருக்க வேண்டிய குழு. நான் காத்திருக்கவில்லை. மெல்ல நழுவி, சரிவின் ஓரத்தில் நின்ற ஒரு தேவதாரு மரத்தின் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். (வேவு பார்க்க அல்ல. பாதுகாப்புக்கு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று ஒரு கிளையைப் பிடித்து விலக்கினேன். அதில் தங்கியிருந்த பனி முழுவதும் என்மேல் கொட்டியது. அடுத்த கிளையும் சேர்ந்து கொட்டியது. முகத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடைவெளி. மற்றப்படி நான் ஒரு வெள்ளை மேடு. எழும்பினால் எல்லோரும் பார்ப்பார்கள். வெட்கத்தில் அசையாமல் கிடந்தேன்.

வதனாவின் குரல் கிட்டக் கிட்ட வந்தது. கருவியின் கீச்சொலியும் வேகமாகியது.

"இஞ்சைதான் காட்டுது! இந்த மரத்தடி!" என்று பிரெஞ்சில் கத்தினாள். அவள் இவ்வளவு சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஜூலியன் கோலை நீட்டி மெல்லக் குத்தினான். அது என் பின்பக்கத்தில் பட்டது.

"மெத்தென்று இருக்குது! ஆள்தான்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. கிண்டத் தொடங்கினார்கள். முதலில் வெளிப்பட்டது என் தலை.

வதனாவின் சவள் அந்தரத்தில் நின்றது. "ஐயோ, என்னப்பா இது?" என்றாள் தமிழில்.

"ஓம், நான்தான்," என்றேன். வேறென்ன சொல்ல?

எல்லோரும் சிரித்தார்கள், மிரெய் தவிர. சரிவின் மறுபக்கத்தைக் கையால் காட்டினாள். "உங்கள் கருவி எல்லோரையும் இங்கே இழுத்துவிட்டது. அங்கே கிடந்த மனிதர் இந்நேரம் செத்துப்போனார்." அது பைதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நெஞ்சிலிருந்த கருவியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். நாளைக்கு அங்கே கிடப்பது வதனாவாக இருந்தால்?

என் சப்பாத்துக்குள் எல்லாம் தண்ணீர். ஜூலியன் தன் பையிலிருந்து கம்பளிக் காலுறை எடுத்துத் தந்தான். நல்ல சூடு. அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தண்டனை.

பாரிஸ் திரும்பும் ரயிலில் வதனா என் ஈரச் சப்பாத்துகளைக் காயக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "என்னைக் கேட்டிருக்கலாமே," என்றாள்.

"என்ன எண்டு கேக்கிறது?"

"அதுதான். மூண்டு வருசமா 'வாங்கோ, வாங்கோ' எண்டு நான் கூப்பிட்டனான். கடை, கடை எண்டீங்கள். இப்ப வந்தீங்கள், சந்தோஷம். ஆனா அவரைப் பாக்கத்தானே வந்தனீங்கள். என்னைப் பாக்க வரேல்லை."

காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேறொரு இடத்தில் அதே பயிற்சியை முழுக் காதோடு எடுத்தேன். இப்போது யாராவது பனியில் புதைந்தால் நானும் தேடுவேன். ஆனால் வீட்டில் அந்தக் கதை சாகவில்லை. என் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், அபிரா "ஆன் எமிசியோன்!" என்பாள். சமிக்ஞை அனுப்புகிறாராம் அப்பா. அவளுடைய சிநேகிதிகளுக்குக்கூட இது தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜூலியன் சாப்பிட வந்திருந்தான். நண்டுக்கறியை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, "வதனா, உன் கைப்பக்குவம் அபாரம்!" என்றான். தட்டிலிருந்து தலை தூக்காமலே அபிரா சொன்னாள், "ஆன் எமிசியோன்."

மேசை முழுக்கச் சிரித்தது. அவர்களுக்கென்ன? அந்தக் கறியை வைத்தவன் நான்.