ராட்சத ஆமையும் ஏழு தப்பும்

2009-ஆம் வருடம், என் மகள் ஜெனிஃபரின் அறிவியல் கண்காட்சிச் சார்ட்டை நான்தான் எழுதுவது என்று சபதம் எடுத்தேன். வருடா வருடம் என் மனைவி ஜெயராணி எழுதிக் கொடுப்பாள். மகள் பரிசு வாங்குவாள். வீட்டில் என் மரியாதை ஒவ்வொரு படியாக இறங்கும். நானோ சிதம்பரத்தில் மூன்று வருடம் விலங்கியல் படித்தவன். படித்தவன் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள்.

தலைப்பு, ராட்சத ஆமை.

"ஏதாச்சும் புஸ்தகம் பாத்து எழுதுங்க மாமா" என்றாள் ஜெயராணி.

"ஜூவாலஜிக்காரனுக்கு எதுக்குடி புஸ்தகம்? ஆமை வளர வளர ஓடு பத்தாம போயிடும். பழசக் கழட்டிப் போட்டுட்டுப் பெருசா ஒண்ணு தேடிப் பூந்துக்கும்."

"ஆமையா?"

"பின்ன? தேவனாம்பட்டினம் பீச்சுல என் கண்ணால பாத்திருக்கேன்."

"அது காலிச் சங்குல குடியிருக்குற நண்டு மாமா."

"உனக்குத் தெரிஞ்சது நண்டுக் கொழம்பு. போய் அத வையி."

போய்விட்டாள். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவள் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்ததே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எழுதித் தள்ளினேன். ராட்சத ஆமை வளர வளர ஓட்டைக் கழற்றி மாற்றும். கடலில்தான் குடியிருக்கும். மீன் தின்னும். குட்டிக்குப் பால் கொடுக்கும். தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் தாங்காது. முப்பது வயதைத் தாண்டாது. கடைசியில் கொட்டை எழுத்தில், 'தயாரிப்பு: ஆரோக்கிய ஜெகன், பி.எஸ்சி.'

கண்காட்சியன்று பள்ளிக்கூட ஹாலில் என் சார்ட் முன்னால்தான் கூட்டம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிட்டே போனேன். பக்கத்தில் இன்னொரு சார்ட் தொங்கியது. ஜெயராணியின் கையெழுத்து. 'தரையில் வாழும். ஓடு முதுகெலும்போடு சேர்ந்தது, கழற்றவே முடியாது. ஓட்டைத் தொட்டால்கூட உணரும். புல்லும் கள்ளியும் தின்னும். தீனி, தண்ணீர் இல்லாமல் ஒரு வருடம்கூடத் தாங்கும். நூறு வயதைத் தாண்டியும் வாழும்.'

என் சார்ட்டின் தலையில் ஒரு அட்டை. 'இதில் ஏழு தப்பு இருக்கிறது. கண்டுபிடித்தால் மிட்டாய்!'

மிட்டாய் டப்பா பாதி காலி. "ஆமைக்குட்டிக்குப் பாலாம்டி!" என்று ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது.

முதல் பரிசு ஜெனிஃபருக்கு. லோகநாயகி டீச்சர் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"புள்ளைங்க யோசிக்கணும்னு வேணும்னே தப்புத்தப்பா எழுதிக் குடுத்தீங்களாமே சார்? உங்க மிஸஸ் சொன்னாங்க. இந்த மனசு யாருக்கு வரும்!"

ஒரே கைதட்டல். முதல் வரிசையில் ஜெயராணிதான் ஜாஸ்தியாகத் தட்டினாள். "ஆமாங்க" என்றேன். ஜெனிஃபர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் பரிசுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்து, ஜெயராணியிடமும் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"என் மானத்தக் காப்பாத்துன, சரி. ஆனா புள்ளைங்க ஆறுதான் கண்டுபிடிச்சுதுங்க. நானும் எண்ணிப் பாத்தேன், ஆறுதான். ஏழுன்னு நீயே தப்பா போட்டுட்ட பாத்தியா?"

"சரியாத்தான் போட்டேன் மாமா" என்றாள் ஜெயராணி. "பேருக்குப் பின்னால பி.எஸ்சி.ன்னு எழுதியிருந்தீங்களே, அந்த ரெண்டு அரியர எப்ப முடிச்சீங்க?"