சாமான் வளைந்த கதை

"சாமானை எடு, மலையாண்டி. ரெண்டு தட்டு தட்டி நிமித்தி விட்டுர்றேன்" என்றார் அல்லாபிச்சை. அவர் கையில் சுத்தியல் இருந்தது.

மலையாண்டி இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து வேட்டியை இறுக்கிக்கொண்டான்.

கண்டனூரில் மெய்யம்மை ஆச்சியின் பெரிய வீட்டுக்கு மலையாண்டிதான் காவல். ஆச்சி குடும்பம் மதராஸில் இருந்தது. கல்யாணம் காட்சிக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் முப்பத்திரண்டு அறைக்கும் அவன் ஒரே ஆள். அறை நிறையச் சாமான்: ஆச்சி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம், கரண்டி. செட்டிநாட்டில் சாமான் என்றால் இதுதான். ஆம்பிளைகள் குரலைத் தாழ்த்திச் சொன்னால் மட்டும் அது வேறு.

முந்தின நாள் டீக்கடையில் மலையாண்டி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "பாய், சாமான் வளைஞ்சு போச்சு."

அல்லாபிச்சைக்கு ஒடுக்கு எடுத்து ஈயம் பூசுகிற தொழில். முப்பது வருஷம் பாத்திரம் தட்டிய காதுக்குத் தாழ்ந்த குரலும் ஒன்றுதான், உரத்த குரலும் ஒன்றுதான். விடிந்ததும் சுத்தியலோடு வந்துவிட்டார்.

"இப்ப வேணாம் பாய். அது... எடுத்துக் காட்டுற மாதிரி இல்ல."

"அம்புட்டு மோசமாவா வளைஞ்சிருக்கு?"

"மோசந்தான்" என்றான் மலையாண்டி. குரல் உடைந்தது.

விஷயம் ஐந்து மாதப் பழசு. முதலில் தோலுக்கடியில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு கெட்டி. பிறகு, எழும்புகிற நேரத்தில் வலி. பிறகு வளைவு. நாற்பத்தொன்பது வயதுவரை நேராக இருந்த ஒன்றுக்கு இது என்ன புதுப் புத்தி என்று அவனுக்கு விளங்கவில்லை. பொம்பளைச் சீக்கோ என்று பயந்தான். அப்படி ஒரு தப்பும் செய்ததில்லையே என்பது கூடுதல் வருத்தம்.

முதல் வைத்தியமாக வீட்டை விட்டு வந்தான். "திருட்டுப் பயமா இருக்கு. இனி பெரிய வீட்டுலயே படுத்துக்கிறேன்" என்று பெண்டாட்டி அம்மாக்கண்ணுவிடம் சொன்னான். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. அவள் "சரி" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அது அவனுக்குக் கெட்டியை விட அதிகமாக வலித்தது.

பொழுது சாயத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வாசற்படியில் வைப்பாள். "சாப்பிடுங்க" என்பாள். அவ்வளவுதான். அவள் தெருமுனை திரும்பும்வரை இவன் பார்த்துக்கொண்டு நிற்பான். உள்ளே வந்து இருமினால், வீட்டின் இரண்டாம் கட்டுச் சுவரில் மோதி அதே இருமல் திரும்பி வரும். அவனுக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். அவளோ சந்தைக்குச் சந்தை காரைக்குடி போய் வெறும் பையோடு திரும்புகிறாள் என்று ஊரில் சொன்னார்கள். தன்னை விட்டுப் போக வழி பார்க்கிறாளோ என்று நினைத்தான். கேட்க வாய் வரவில்லை.

இரண்டாவது வைத்தியம்: விளக்கெண்ணெய் தடவி, ஆச்சியின் பித்தளைக் கரண்டி ஒன்றை அணை கொடுத்துத் துணியால் கட்டியது. வளைவு அப்படியே இருந்தது, வீக்கமும் சேர்ந்துகொண்டது.

இதற்கிடையில், சுத்தியலோடு திரும்பிப்போன அல்லாபிச்சை நல்ல மனசோடு மதராஸுக்கு ஒரு கார்டு போட்டார். 'சாமான் வளைந்துபோய்விட்டது. மலையாண்டி எடுத்துக் காட்ட மாட்டேன் என்று அழுகிறான்.'

ஐந்தாம் நாள் வாசலில் அம்பாசடர் வந்து நின்றது. ஆச்சி அறை அறையாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தன. ஒரு கரண்டியை மட்டும் காணவில்லை. அது மலையாண்டியின் பாய்க்கடியில் துணி சுற்றிக் கிடைத்தது.

ஆச்சி அதை முகர்ந்து பார்த்தார். "பாயசக் கரண்டியில எதுக்கு வெளக்கெண்ணெய்?"

மலையாண்டி அந்தத் துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"திருடுற ஆளு இல்லைன்னு தெரியும். ஆனா எதையோ மறைக்கிற. நான் பிள்ளையார்பட்டி போயிக் கும்பிட்டுட்டு வாரேன். வந்ததும் உண்மையைச் சொல்லணும். இல்லைன்னா சாவியை வச்சுட்டுக் கிளம்பு."

பெண்டாட்டியும் இல்லை, இனி வேலையும் இல்லை. மலையாண்டி ஓடிப்போய் அல்லாபிச்சையை இழுத்துவந்து, வளவு முற்றத்தில் நிறுத்தி, அவர் காதில் கத்தினான். "பாய், ஆச்சி சாமான் இல்ல! என் சாமான்!"

புறாக்கள் பறந்தன. "என் சாமான்" என்றது இரண்டாம் கட்டு.

அல்லாபிச்சை உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! நான் சுத்தியலோடல்ல வந்தேன்!" பிறகு முழுக் கதையையும் கேட்டு எழுந்து அவன் தோளைப் பிடித்தார். "ஏறுப்பா சைக்கிள்ல. கரண்டிதான் வளைஞ்சுச்சு, எண்ணெய் போட்டு நிமித்தி வச்சிருக்கான்னு ஆச்சிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

காரைக்குடி டாக்டரிடம் மலையாண்டி தன் பெயரை முத்துவீரன் என்றான். ஊர் தேவகோட்டை என்றான். டாக்டர் பார்த்தார், சிரிக்கவில்லை.

"இது பாவமும் இல்ல, பொம்பளைச் சீக்கும் இல்ல, புத்துநோயும் இல்ல. உள்ள ஒரு தழும்பு விழுந்திருக்கு. தழும்பு உள்ள பக்கம் நீளாது, மத்தப் பக்கம் நீளும். அதான் வளையுது. வலி பெரும்பாலும் சில மாசத்துல தானா அடங்கும். வளைவு அப்படியே நிலைச்சுப்போய், சம்சாரத்தோட சேர முடியாம இருந்தா மதுரைக்கு எழுதித் தாரேன், அங்க வைத்தியம் இருக்கு. கெட்டி தட்டுப்பட்ட அன்னைக்கே வந்திருக்கணும். எண்ணெய் போட்டு உருவுறது, கட்டுறது எல்லாம் கூடாது."

"கரண்டி..." என்று ஆரம்பித்து மலையாண்டி நிறுத்திக்கொண்டான்.

"என்ன கரண்டி?"

"ஒண்ணுமில்லீங்க."

"முதல்ல வீட்டுக்குப் போங்க. தனியாப் படுக்கிறது இதுக்கு மருந்து இல்ல."

தனியாகப் படுக்கிறதை டாக்டரிடம் சொன்னோமா என்று யோசித்துக்கொண்டே மலையாண்டி வெளியே வந்தான். மாத்திரையை மடித்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் சத்தியமூர்த்தி நிமிர்ந்து, அவன் இடுப்பில் தொங்கிய பெரிய சாவிக்கொத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கண்டனூர் மலையாண்டிதானே? உங்க வீட்டுக்காரம்மா சந்தைக்குச் சந்தை வந்து இந்தப் பெஞ்சுல உக்காந்து, 'அவுக வந்துட்டாகளா'ன்னு கேட்டுட்டுப் போறாக. 'கூச்சப்பட்டுப் பேரை மாத்தித்தான் சொல்லுவாக, சாவிக்கொத்தை வச்சுக் கண்டுக்கங்க'ன்னாக."