நெய்ல் கன்னுக்கு மூன்று வாய்

இனி என் கையால் ஒரு ஆணிகூட அடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அப்போது என் கட்டை விரல், நசுங்கிய நிலையில், ஒரு கிண்ணத் தண்ணீரில் இருந்தது.

அக்டோபரில் ஞாயிறு ஆராதனை எங்கள் வீட்டு முறை. ஹோம்ஸ் கவுண்டியில், பழைய முறையிலேயே வாழும் கிறிஸ்தவர்களான எங்கள் ஆமிஷ் ஆட்கள் கோயில் கட்டுவதில்லை. வீடு வீடாகக் கூடுவோம். முப்பது குடும்பம் உட்கார எங்கள் கூடம் போதாது. அதை ஒட்டி ஒரு பெரிய அறை எழுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் சபை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பாடும். என் மாமியார் அதைப் பற்றிப் பேசி முடிக்க அடுத்த அக்டோபர் ஆகிவிடும்.

அதனால்தான் நெய்ல் கன், காற்றின் வேகத்தில் ஆணியை இறக்கும் துப்பாக்கி. மின்சாரம் எங்களுக்கு ஆகாது. காற்று ஆகும். டீசலில் கம்ப்ரசரை ஓட்டி, குழாயில் வரும் காற்றை வைத்து எதையும் சுழற்றலாம், எதையும் அடிக்கலாம். பிஷப் ஒன்றும் சொல்ல மாட்டார்.

சொல்லக்கூடியவள் என் மனைவி லொவினா. போன குளிர்காலத்தில் காற்றில் ஓடும் வாஷிங் மெஷின் கேட்டாள். "ஆண்டவர் ரெண்டு கை எதுக்குக் குடுத்திருக்கார்?" என்றேன், வேதத்திலேயே இருப்பதுபோல. இப்போது அதே கேள்வி எனக்கு வரும் என்று பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பேச்சை எடுத்தேன்.

"வாங்கிக்கோ, மென்னோ," என்றாள்.

அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும்.

கருவிக் கடை வைத்திருக்கும் யோஸ்ட், லொவினாவின் அண்ணன். நானும் லொவினாவும் போனபோது இரண்டு கன்களை மேசைமேல் வைத்தார்.

"இது விசைய அழுத்திக்கிட்டே தட்டிக்கிட்டே போகலாம், மாப்பிள. தட்டுற எடமெல்லாம் ஆணி. அது ஒவ்வொரு தடவையும் விரல எடுத்து அழுத்தணும்."

"மொதலாவது," என்றேன்.

"ரெண்டாவது," என்றாள் லொவினா. "மென்னோ தட்டுற எடத்துல மென்னோவோட காலும் இருக்கும், அண்ணா."

இரண்டாவது. கன்னில் மாட்டும் ஆணிப் பட்டை இருபத்தொரு டிகிரி சாய்வா, முப்பதா என்பதையாவது நான் தீர்மானிக்கலாம் என்று நிறைய நேரம் பேசினேன். மச்சான் தலையாட்டினார். லொவினா கடையைச் சுற்றிவிட்டு, அமைதியான முகத்தோடு திரும்பினாள்.

"கம்ப்ரசர் பெருசா எடு," என்றாள்.

"ஒரு கன்னுக்கு எதுக்குப் பெருசு? சின்னதே போதும்."

"நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு."

"அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கறை இன்னும் கூடியது. "ஹோஸ தரையில போட்டா பசங்க தடுக்கி விழும். நெலவறை வழியா இரும்புக் குழாய் போட்டுடு. பனியில ஒறையாது. எதுக்கும் காத்து எடுக்க மூணு வாய் வச்சுக்கோ."

"மூணு எதுக்கு?"

"வேலை தெரிஞ்ச ஆளு, ஒனக்குத் தெரியாததா?"

தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. மூன்று வைத்தேன். ஒன்றில் கன்னை மாட்டினேன். மற்ற இரண்டுக்கும் மூடி போட்டேன்.

சனிக்கிழமை முழுக்க நான் ராஜா. வைத்தால் இறங்கியது. மரத்துக்கே என்மேல் மரியாதை வந்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஆணிகள் பாதியில் நின்றன. சுவர்ச் சட்டம் முழுக்க முள்ளம்பன்றி மாதிரி ஆகிவிட்டது. மச்சானை வரவழைத்து, இப்படி ஒரு கன்னை என் தலையில் கட்டலாமா என்று கேட்டேன்.

அவர் கன்னைக் காதருகே வைத்துப் பார்த்தார். "கன்னு நல்லாத்தான் இருக்கு, மாப்பிள. காத்து வேற எங்கயோ போகுது."

குழாயைத் தொட்டுக்கொண்டே நிலவறைக்குள் இறங்கினேன். மச்சான் கொஞ்சம் பின்தங்கியே வந்தார். இரண்டாவது வாயில் மூடி இல்லை. அதிலிருந்து ஒரு ஹோஸ் கிளம்பி, புத்தம்புது வாஷிங் மெஷினுக்குள் போனது. மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் லொவினா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"கடையில நீ டிகிரி பேசிக்கிட்டிருந்தப்ப சொல்லிவச்சேன். சனிக்கிழமை நீ மேல டமார் டமார்னு அடிச்சுக்கிட்டிருந்தப்ப அண்ணன் எறக்கிட்டுப் போனாரு. ஒனக்குக் கேட்டிருக்காது."

மச்சான் உத்தரத்தைப் பரிசோதித்தார்.

"அது என் காத்து, லொவினா."

"பெரிய கம்ப்ரசர்தான் வாங்கச் சொன்னேன்."

"இன்னைக்கு மட்டும் துவைக்காம இருக்கக்கூடாதா?"

"ஊரே துவைக்கிற திங்கக்கிழமை நம்ம கொடியில துணி இல்லன்னா, நமக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு எங்கம்மா வண்டி பூட்டிக்கிட்டு வந்துருவாங்க. வரட்டுமா?"

வேண்டாம் என்றேன். "அப்ப மேல பாதி பாதியா நிக்கிற ஆணியெல்லாம்?"

பீன்ஸ் கூடைக்கு அடியிலிருந்து என் பழைய சுத்தியலை எடுத்து நீட்டினாள்.

"ஆண்டவர் ரெண்டு கை எதுக்குக் குடுத்திருக்கார், மென்னோ?"

அறை அக்டோபருக்குள் எழும்பிவிடும். ஆணியின் முதல் பாதியைக் கன் அடிக்கிறது, மறுபாதியை நான். கட்டை விரல் மறுபடி கிண்ணத்தில் இருக்கிறது.

மூன்றாவது வாய்க்கு நேர் மேலே அவளுடைய தையல் மெஷின் இருப்பதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.