பக்ஷேயின் மயக்கப் படிப்பு

திருவனந்தபுரம் நகரத்தில் நல்ல சேதி கேட்டு ஒருநாள்கூடச் சந்தோஷப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடு ஒரே அறையில் சில வருடம் குடியிருக்கும்படி என் ஜாதகத்தில் எழுதியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நாகர்கோவிலிலிருந்து வந்த நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு வத்தல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஜாகை கரமனையில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து லாட்ஜில். மாடியறையில் இரண்டு கட்டில். ஒன்றில் நான், இன்னொன்றில் பக்ஷே.

அவருடைய அப்பா அம்மா வைத்த பேர் லாட்ஜில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பக்ஷே என்றால் மலையாளத்தில் 'ஆனால்'. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை. "மழை விட்டுட்டுவே" என்று சொன்னால், "விட்டுட்டு. பக்ஷே இனிமேதான் ரோடு வழுக்கும்" என்பார். லாட்ஜ் மேனேஜருக்குப் பெண் பிறந்து, மனுஷன் லட்டு டப்பாவோடு அறை அறையாக வந்தபோது, "சந்தோஷம் சார். பக்ஷே பிள்ளைக்கு மஞ்சக்காமாலை இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றார். இரண்டாம் நாள் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. அதற்குப் பிறகு மேனேஜர் இவரை மாடிப்படியில் பார்த்தால் திரும்ப இறங்கிப் போய்விடுவார்.

பக்ஷேயின் ஊர் வித்துரா தாண்டி மலைமேல் இருக்கும் போணக்காடு தேயிலைத் தோட்டம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தாள். பிரீ டிகிரி முடித்தவர், மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றார். அங்கேயும் இதே கதைதான். "நல்ல மாத்திரை. பக்ஷே வயிறு எரியும்" என்று சொல்லியே மாத்திரையை நீட்டுவார். பாதிப் பேர் வாங்காமல் போய்விடுவார்கள். கடை முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு வந்தது இவரால்தான் என்று கடைப் பையன்கள் சொல்வார்கள்.

தோட்டம் அப்போது நொடித்துக்கொண்டிருந்தது. ஃபாக்டரி ஓடும் நாளைவிட ஓடாத நாள் அதிகம். கையில் ஒரு தொழில் இருந்தால் அம்மாவைக் கீழே கூட்டி வந்துவிடலாம் என்று பக்ஷே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்கு உதவியாக நிற்கும் டெக்னீஷியன் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார்.

வேறு யாராயிருந்தாலும் விண்ணப்பம் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் ஆராய்ச்சியில் இறங்கினார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார். எங்கள் மண்டி முதலாளி குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்துக்கொண்டவர். அவரையும் விடவில்லை.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு மயக்கம் குடுத்தது யாரு, முகம் ஞாபகம் இருக்கா?"

"மயக்கமா? ஆபரேஷன் பண்ணினது பெரிய டாக்டரு. தங்கமான கையி."

"அவரு கீறினாரு. ஒங்களை உறங்க வச்சது யாரு?"

"நானேதாம்டே உறங்கினேன்."

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "கேட்டீரா? கண்ணு முழிச்சா சர்ஜன் பேரு. முழிக்கலைன்னா நம்ம பேரு. இதுக்கா போகணும்?"

"அப்ப வேண்டாம்னு விடும்வே."

"விடலாம். பக்ஷே ஆஸ்பத்திரி இருக்கிற காலம் வரை ஜோலி இருக்குமே."

இப்படியே விண்ணப்பத்தின் கடைசி நாள் வரை போட்டுப் புரட்டினார். ஒருவழியாக அனுப்பினார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். எதற்கு இந்தப் படிப்புக்கு வருகிறாய் என்று கேட்டார்களாம். "நல்ல படிப்பு சார். பக்ஷே..." என்று ஆரம்பித்து, கரண்ட் போனால் என்ன ஆகும், சிலிண்டர் தீர்ந்தால் என்ன ஆகும், குழாய் கழன்றால் என்ன ஆகும் என்று வரிசையாக அவர்களிடமே கேட்டிருக்கிறார். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நடுவில் இருந்த மயக்க டாக்டரம்மா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பேடியுள்ள ஆளாணு எனிக்கு வேண்டது" என்றாளாம். பயப்படத் தெரிந்த ஆள்தான் அவளுக்கு வேண்டுமாம்.

இடம் கிடைத்தது. லாட்ஜில் நாங்கள் கொண்டாடினோம். அவர் மூலையில் உட்கார்ந்து, "கிட்டிப்போச்சு. பக்ஷே இனி படிக்கணும்" என்றார்.

படிப்பு தொடங்கியபின் அவரோடு குடியிருப்பது இன்னும் சிரமமாகிவிட்டது. தியேட்டரில் காலையில் முதல் கேஸ் வருமுன் மிஷின், குழாய், சிலிண்டர் எல்லாவற்றையும் சரிபார்க்கும் பழக்கம் அறைக்கும் வந்தது. ஃபேன் கொக்கி, ஸ்டவ், என் செருப்பின் வார் எல்லாவற்றையும் சரிபார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுவிட்டு நான் அயர்ந்து கிடந்தால் தோளைப் பிடித்து உலுக்குவார்.

"என்னவே?"

"குறட்டை நின்னுபோச்சு. அதான்."

"நின்னா நல்லதுதானே?"

"குறட்டை விடுறதுல பயப்பட ஒண்ணும் இல்ல. நின்னாத்தான் மூச்சு இருக்கான்னு பாக்கணும்."

அந்தச் சமயத்தில் மார்த்தாண்டம் பக்கம் அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். துணைக்கு நானும் போனேன். பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை என்ன படிக்காரு?" என்று கேட்டார்.

"மயக்க மருந்து குடுக்கிறதுக்குப் படிக்கேன்."

பெரியவர் முகம் மாறியது. ரயிலில் பிஸ்கட்டில் மயக்க மருந்து வைத்து நகை பறிக்கும் கும்பல் பற்றி அப்போது ஊரெல்லாம் பேச்சு. நான் அவசரமாக, "ஆஸ்பத்திரியில மாமா, டாக்டருக்குத் துணையா" என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே எங்கள் முன்னால் இருந்த பிஸ்கட் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

லீவு கிடைக்கும்போதெல்லாம் பக்ஷே போணக்காட்டுக்குப் போய்விடுவார். அம்மா அடுப்பு ஊத, இவர் பக்கத்தில் உட்கார்ந்து தியேட்டர் கதை சொல்வார். நாக்கு பின்னால் விழுந்து மூச்சடைப்பது, ரத்த அழுத்தம் சரிவது, எழுப்பியும் எழும்பாமல் கிடப்பது என்று எல்லாம். அம்மா ஆமா ஆமா என்று கேட்டுக்கொண்டிருப்பாளாம். மகன் படித்ததைச் சொல்கிறான் என்று அவளுக்குப் பெருமை. எங்களைப்போல் நடுவில் எழுந்து போகாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

படிப்பின் கடைசி வருடத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ரொம்ப நாளாக வலியைச் சொல்லாமல் மறைத்திருந்தாள். ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். பக்ஷே ஒருதடவை மலைக்குப் போய்க் கூப்பிட்டும் அசையவில்லை. வாரங்கள் ஓடின. இவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அடுத்த தடவை நானும் கூடப் போனேன். வித்துரா வரை பஸ், அப்புறம் ஜீப். மலை முழுக்க மூடுபனி. ஃபாக்டரி பூட்டிக் கிடந்தது. வரிசை வீடுகளில் பாதிக்கு மேல் ஆளில்லை.

அம்மா பால் விடாத கட்டன்சாயா கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கத்திக்கு நான் பயப்படல" என்றாள் என்னிடம். "தேயிலைச் செடி கவாத்து வெட்டுற கத்தியில எத்தனை தரம் கை போயிருக்கு. உறங்க வைக்காங்கல்லா, அதுதான். நாக்கு பொறத்தால விழுந்தா மூச்சு நிக்குமாமே. பிரஷர் எறங்குமாமே. எழுப்பினாலும் சிலவேளை எழும்ப மாட்டாங்களாமே. எல்லாம் இவன் சொல்லிருக்கான்."

பக்ஷே தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் அம்மா மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

பிறகு அவர் நகர்ந்து போய் அம்மாவின் காலருகில் உட்கார்ந்தார்.

"நான் தலைமாட்டுல நிப்பேன்மா. நீ எழும்புறது வரை எங்கயும் போகமாட்டேன்."

"நீ நிப்பியா?"

"நிப்பேன்."

"எனக்குச் சரியாயிருமாடே?"

"சரியாயிரும்மா."

நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் காலைப் பிடித்தபடி இருந்தார். அந்த வார்த்தை வரவில்லை.

சொந்த ஆளின் கேஸில் மாணவர்கள் நிற்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். நேர்முகத்தில் இருந்த அதே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். "மிஷினில் கை வைக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கலாம்" என்று அவள் அனுமதித்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா நன்றாகவே கண் விழித்தாள். விழித்ததும், "எழுப்பிட்டியாடே?" என்று கேட்டாளாம். மயக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கட்டிதான் பரவிவிட்டிருந்தது. திறந்து பார்த்ததோடு மூடிவிட்டார்கள்.

கரமனைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரேயொரு தடவை அதைப்பற்றிப் பேசினார்.

"நான் அந்தக் கதையெல்லாம் சொல்லாம சும்மா கெடந்திருந்தா முந்தியே வந்திருப்பாளோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியலவே" என்றேன். "எனக்கும் தெரியல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலம் வரை அம்மா இருக்கவில்லை. தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது.

படிப்பை விட்டுவிடுவார் என்றுதான் லாட்ஜில் எல்லோரும் நினைத்தோம். மருந்துக்கடை முதலாளிகூட, ரத்தக் கொதிப்பையும் மறந்து, திரும்ப வந்து நில் என்று ஆள் அனுப்பினார். பக்ஷே போகவில்லை. காலையில் எழுந்து, குளித்து, தியேட்டருக்குப் போனார். இது நல்ல தொழிலா கெட்ட தொழிலா என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. பரீட்சை பாஸானார். நகரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொஞ்சகாலம் நின்றார். பிறகு மஸ்கட்டில் வேலை கிடைத்தது.

விமானம் ஏறும் அன்று டாக்ஸி வரத் தாமதமானது. "பயப்படாதேயும், நல்லா இருப்பீரு" என்றேன். "இருப்பேன். பக்ஷே அங்க உள்ளவங்களுக்கு நம்ம பேச்சு புரியாதே" என்றார். அதற்குள் டாக்ஸி வந்துவிட்டது.

அவர் கட்டிலுக்கு மேனேஜர் உடனே வேறொருவரைக் கொண்டுவந்தார். தங்கமான பிள்ளை. எதைச் சொன்னாலும் சரி என்பான், எல்லாம் நல்லதுக்குத்தான் என்பான். காலையில் சிரித்துக்கொண்டே எழுவான், இரவில் சிரித்துக்கொண்டே படுப்பான். கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு லாட்ஜுக்குப் போய்விட்டேன்.