மாமாவோட தாடையும் டாக்டரோட கொரலும்

சிரிப்பு இருக்கு. கட்டாயம் இருக்கு. ஆனா இப்பவே இல்ல. மொதல்ல நான் கண்டிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு தாடையோட எக்ஸ்ரே படத்த வாங்கிட்டு வரணும்.

தாடை எங்க மாமாவோடது. மஸ்கெலியாப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துக் கண்டாக்கு அவருதான். காலையில ஆளுங்க கூடுற பெரட்டுல பேர் கூப்பிட்டு வேலை பிரிச்சு விடுறவரு. போன மழையில பேக்டரிப் படியில வழுக்கி, முன்பல்லு ரெண்டையும் அங்கேயே விட்டுட்டு வந்தாரு. அதுலேர்ந்து பெரட்டுல பேரு பாதி, காத்து பாதி!

தை மாசம் மக கல்யாணம். "போட்டோவுல வாயத் தொறந்து சிரிக்கணும்டா." அவருக்கு அது ஒண்ணுதான் ஆசை.

கண்டியில ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர், சீமையில படிச்சவரு. தாடை எலும்புலயே திருகாணி முடுக்கி, அதுமேல பல்லு வைப்பாராம். எலும்பு தாங்குமான்னு படத்தப் பாத்துத்தான் சொல்வாராம்.

"கன்னு நடுறதுக்கு முந்தி மண்ணு பாக்கிறதுதான்!" மாமாவுக்குச் சட்டுனு வெளங்கிருச்சு.

மாமா போய்ப் படம் எடுத்துட்டு வந்த மறுவாரம், முடிவு கேக்க நான் போனேன். டாக்டர் படத்த வெளிச்சத்துல புடிச்சாரு. "நல்ல தடிச்ச எலும்பு. திருகாணி ஆடாது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லும்."

அவ்வளவுதான் சேதி. வேற யாராயிருந்தாலும் அத அப்படியே கொண்டுபோய்ச் சொல்லியிருப்பாங்க.

எனக்குத்தான் கேட்ட கொரலெல்லாம் தொண்டையில ஒட்டிக்குமே! மாமா முன்னாடி படத்தத் தூக்கிப் புடிச்சு, இல்லாத கண்ணாடிய டாக்டராட்டம் மூக்குல ஏத்திவிட்டேன். "இஞ்ச பாருங்கோ, இது எலும்பே? தேத்தண்ணியில ஊறின பாண் துண்டு! தும்மினா திருகாணி பறந்திடும்!"

சிரிப்பாருன்னு பாத்தா, அப்படியே உக்காந்துட்டாரு.

"மண்ணு அரிச்சிருச்சு. அப்படித்தானே?"

"ஐயோ மாமா, சும்மா சொன்னேன்! எலும்பு நல்லாத்தான் இருக்காம்!"

"ஆறுதல் சொல்லாதடா. ஒன் கொரல்ல வர்றது பொய்யி. டாக்டர் கொரல்ல வந்துச்சு பாரு, அதான் நெசம்."

அத்தை வேற அழ ஆரம்பிச்சிட்டாங்க. மறுநாள் பெரட்டுல மாமா யாரு பேரையும் கூப்பிடல, கையக் காட்டியே வேலை பிரிச்சாரு. வியாழக்கிழமை ஒரேயடியாச் சொல்லிட்டாரு: "கண்டிக்குப் போகல. கல்யாணப் போட்டோவுல நான் நிக்கவும் மாட்டேன்."

உண்மைய என் வாயால சொன்னா எடுபடல. சரி, டாக்டர் வாயாலயே சொல்லிருவோம்!

பேக்டரி ஆபீஸ்லேர்ந்து மாமா குவாட்டர்ஸுக்குப் போன் உண்டு. வெளியூர்ப் பேச்சும் அது வழியாத்தான் வரும். கிளார்க் ஐயா டீ குடிக்கப் போன நேரம் உள்ள பூந்து கைப்புடியச் சுத்தினேன்.

"ஹலோ, கண்டாக்கு ஐயாவோ? கண்டியிலயிருந்து பல் டாக்டர் கதைக்கிறன். உங்கட எலும்பு கருங்கல்லு! படம் வாங்க வந்த பெடியன் ஒரு விசரன், அவன்ர கதையக் கேளாதேங்கோ. நாளைக்குக் கட்டாயம் வாங்கோ."

"டாக்டர் ஐயா! நெசமாவா? மக கல்யாணத்துல சிரிக்கலாங்களா?"

"வடிவாச் சிரிக்கலாம்!"

அழுவுறாரா சிரிக்கிறாரான்னே தெரியல. "நீங்க நல்லா இருக்கணுங்க. அந்தப் பயல என்னங்க பண்றது?"

"பாவம், சின்னப் பெடியன். மன்னிச்சு விடுங்கோ."

எனக்கே என்மேல எரக்கம் வந்துருச்சு. அந்த நேரம் பாத்து, என் தலைக்கு நேர் மேல பேக்டரி சங்கு ஊதுச்சு. மலை முழுக்கக் கேக்கிற மாதிரி!

ஒருவழியா ஊதி ஓஞ்சுச்சு.

"டாக்டர் ஐயா," மாமா ரொம்ப மரியாதையாக் கேட்டாரு, "எங்க தோட்டத்துச் சங்கு கண்டியிலயுமா ஊதுதுங்க?"

நான் மெல்லப் போன வைக்கப் போனேன்.

"அங்கேயே நில்லுடா. அப்ப அந்த ஊறின பாணும் ஒன் கொரலுதானா! நாளைக்கு ரெண்டு பேருமே கண்டிக்குப் போறோம். ஒன் தாடையையும் படம் எடுக்க வேண்டி வரும்!"