மூன்று போட்டியாளர்கள்

'போட்டியாளர்கள்: யாரும் இல்லை' என்று பெல்ட்டு நோட்டில் எழுதியிருந்த வரியைத் தொழில் வகுப்பு டீச்சர் சிவப்பு மையால் சுழித்தார்.

"வாஷிங் மெஷின் ரிப்பேர்ல போட்டியே இல்லையா? விசாரிக்காம எழுதினா அதுக்குப் பேரு தொழில் திட்டம் இல்லீங்க, கனவு," என்று சொல்லி, அதன் கீழேயே மூன்று கம்பெனிகளின் நம்பரை எழுதிக் கொடுத்தார். "கஸ்டமர் மாதிரி கூப்பிட்டுப் பாருங்க. எவ்வளவு சீக்கிரம் வர்றாங்க, எப்படிப் பேசுறாங்கன்னு எழுதிட்டு வாங்க."

எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் "பெல்ட்டு போச்சு" என்று சொல்வதால் அவனுக்கு அந்தப் பெயர். பன்னிரண்டு வருஷமாக ஒரே முதலாளியிடம் மெக்கானிக். ஒரு மாதமாக முதலாளியின் ஃபோன் ஓயவே இல்லை. தனிக்கடை போட இதுதான் சமயம் என்று அவருக்குத் தெரியாமல் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தான்.

மறுநாள் காய்ச்சல் என்று லீவு சொன்னான். நம்பரைக்கூடப் பார்க்காமல் நோட்டை மனைவியிடம் கொடுத்து ஃபோன் செய்யச் சொன்னான்.

"மூணு பேருமே உடனே வர்றாங்களாம்," என்றாள்.

"உடனேயா? நம்ம மெஷின் நல்லாத்தானே ஓடுது!"

"அதை இப்பச் சொல்லுங்க."

பெல்ட்டு அவசரமாக மெஷினை இழுத்து, பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டான். அது தெரியாமல், பழுது எப்படி இருக்கும் என்று பார்க்க மனைவி டேப்பைத் திறந்தாள். தண்ணீர் சுவரில் அடித்துத் தரையெங்கும் ஓடியது. டேப்பை மூடுவதற்குள் இருவரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள்.

"மேல என்ன, குளம் வெட்டுறீங்களா?" என்று கீழ்வீட்டு அம்மா கத்தினார்.

அதற்குள் காலிங் பெல். பெல்ட்டு கதவுத் துளையில் கண்ணை வைத்தான். வெளியே டூல்ஸ் பையோடு அவனுடைய முதலாளி! இந்த வீட்டையோ அவன் மனைவியையோ இதுவரை பார்த்திராதவர்.

ஒரே தாவலில் பாத்ரூமுக்குள் போனான்.

"என் ஆளு ஒருத்தன் காய்ச்சல்னு படுத்துட்டான். அதான் நானே வந்துட்டேன்மா," என்றபடி முதலாளி குழாயை மாட்டினார். இரண்டு நிமிஷ வேலை.

மற்ற இருவரையாவது வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று மனைவி இரண்டாவது நம்பரைக் கூப்பிட்டாள். முதலாளியின் சட்டைப்பையில் மணி அடித்தது.

"வணக்கம், மின்னல் சர்வீஸ்!"

அவளுக்கு அது இரண்டு காதிலும் கேட்டது. திடுக்கிட்டு, மூன்றாவது நம்பரை அழுத்தினாள். இப்போது அவருடைய பேன்ட் பையில் மணி அடித்தது.

"வணக்கம், நம்பிக்கை சர்வீஸ்!"

பாத்ரூம் கதவு படாரென்று திறந்தது. "முதலாளி! மூணுமே நீங்கதானா?"

முதலாளி ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "டேய், உனக்குக் காய்ச்சல் இல்லையா?"

முதலாளிதான் முதலில் தெளிந்தார்.

"ஒரு கடையில சண்டை போட்டுட்டுப் போறவன் அடுத்த கடைக்குத்தானேடா போவான்? அதுவும் என்னுதா இருக்கட்டுமேன்னுதான்." மேஜைமேல் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். "ஓ, தனிக்கடையா?"

வேலை போயிற்று என்று பெல்ட்டு தலையைக் குனிந்தான். "ஒரு மாசமா நிக்க நேரமில்லாம ஓடுறோமே முதலாளி... அதைப் பார்த்துதான் ஆசை வந்துச்சு. வகுப்புல சேர்ந்தேன்."

அவர் கோபப்படவில்லை. "அதைப் பார்த்துத்தான்டா நானும் நேத்து புதுசா ஒரு கடை பிடிச்சேன், அடுத்த வாரத்துலேர்ந்து வர அஞ்சு ஆளையும் சேர்த்தேன். ஊர்ல இருக்கிற மெஷினெல்லாம் ஒண்ணாக் கெட்டுப்போகுது. ரெண்டு பேரும் கூட்டா நடத்துவோமா?"

பெல்ட்டுக்குக் கண் கலங்கியது. கையை நீட்டினான்.

வாசலில் நனைந்த மிதியடியோடு வந்து நின்ற கீழ்வீட்டு அம்மா, நோட்டில் இருந்த சிவப்புச் சுழியையும் நம்பர்களையும் எட்டிப் பார்த்தார்.

"அட, நம்ம டீச்சர்! போன மாச வகுப்புல நாங்க நாப்பது பேரும் நல்லா ஓடுற மெஷினுக்கே இந்த மூணு நம்பருக்குத்தானே மாத்தி மாத்தி ஃபோன் பண்ணிக்கிட்டிருந்தோம்!"